புதிய ரேம் பொருத்தியபின் கணினி இயங்காவிட்டால் என்ன செய்வது?

மேசைக்கணினியில் நாமே செய்துகொள்ளக்கூடிய மேம்பாடுகளில் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பொருத்துவதுதான் மிக எளிதானது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ரேமை ஸ்லாட்டில் வைத்து அழுத்தி, தகட்டை மூடிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதன்பின் பவர் பொத்தானை அழுத்தும்போது மின்விசிறிகள் மட்டும் சுழன்று திரை இருண்டே கிடந்தால், வாங்கிய ரேம் கெட்டது என்றோ மதர்போர்டு போய்விட்டது என்றோ உடனே முடிவுகட்டத் தோன்றும். இவ்விரண்டும் நடக்கக்கூடியவைதான். எனினும் ரேம் சரியாக உட்காராமை, அந்த மதர்போர்டுக்குப் பொருந்தாத ரேம், பழைய ரேமுக்கான அமைப்புகளை பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டின் உள்மென்பொருள்) விடாமல் வைத்திருப்பது ஆகிய மூன்றும் அவற்றைவிட அதிகமாகக் காணப்படும் காரணங்கள். மூன்றையும் செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து, கணினியை இயக்கிப் பார்த்து, அதன்பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்து கணினி இயங்கிவிட்டாலும், கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அது மீண்டும் வரும்போது தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி எது என்று முதலில் பாருங்கள்

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, மின்விசிறி அசையவே இல்லை என்றால், காரணம் பெரும்பாலும் ரேம் அன்று. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்ச் அணைந்திருக்கலாம். மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் (ஊசிமுனை) மின்இணைப்பு தளர்ந்திருக்கலாம். பவர் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஒயர் கைபட்டுக் கழன்றிருக்கலாம். கணினி சில நொடிகள் ஓடி, தானே அணைந்து, மறுபடி ஓடுகிறது என்றால் பயாஸ் ரேமை ஏற்றுக்கொள்ள முயன்று தோற்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் திரையில் வந்து, அதன்பின் விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு வகைக் கோளாறு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். மின்விசிறி சுழன்றும் திரையில் எதுவுமே வராத நிலைக்குத்தான் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

டிடிஆர்5 என்னும் அண்மைத் தலைமுறை ரேம் பயன்படுத்துபவர்கள் எதையும் கழற்றுவதற்கு முன் காத்திருக்க வேண்டும். புதிய ரேமைக் கண்டதும் பிராசஸரில் உள்ள நினைவகக் கட்டுப்பாட்டகம், ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் ஏற்ற நேர அளவைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. ரேம் பயிற்சி என்று சொல்லப்படும் இந்த வேலை நடக்கும் நேரம் முழுவதும் திரையில் எதுவும் தெரியாது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் கொண்ட மதர்போர்டுகளில் இதற்குப் பல நிமிடங்கள்கூட ஆகலாம். ரேமின் கொள்ளளவு கூடக்கூட நேரமும் கூடும். கணினி உறைந்துவிட்டது என்று எண்ணிப் பாதியில் மின்சாரத்தை நிறுத்தினால், அடுத்த முறை அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பத்துப் பதினைந்து நிமிடங்கள் கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் திரை இருண்டிருந்தால்தான் பிரச்சினை உண்டு என்று கொள்ள வேண்டும்.

பழைய ரேமுக்குத் திரும்புங்கள்

அடுத்த படி, புதிய ரேமை எடுத்துவிட்டு, பழைய ரேமை முன்பு இருந்த அதே ஸ்லாட்டில் பொருத்திப் பார்ப்பது. இந்த ஒரு சோதனை தரும் தெளிவை வேறு எதுவும் தராது என்பது என் உறுதியான கருத்து. பழைய ரேமில் கணினி இயங்கினால் மதர்போர்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் பெரும்பாலும் நலமாக உள்ளன என்று பொருள். புதிய ரேமையும், அதைப் பொருத்திய ஸ்லாட்டையும், அதற்கான அமைப்புகளையும் மட்டுமே இனி ஆராய வேண்டும். பழைய ரேமிலும் இயங்கவில்லை என்றால், ரேம் மாற்றும்போது வேறு ஏதோ அசைந்திருக்கிறது, அல்லது பயாஸின் அமைப்புகள் குழம்பியிருக்கின்றன. இந்தக் காரணத்தாலேயே, புதிய ரேம் சில வாரங்கள் சிக்கலின்றி ஓடும்வரை பழையதை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது.

ரேமைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை முழுமையாகத் துண்டிக்க வேண்டும். கணினியை அணைத்தபின்னும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குத் தந்துகொண்டே இருக்கும். பல மதர்போர்டுகளில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருப்பது இதனால்தான். கணினியை உறக்க நிலையில் வைத்திருந்தால் ரேமுக்கே மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் ரேமைப் பிடுங்கினாலோ செருகினாலோ ரேம் மட்டுமின்றி மதர்போர்டும் சேதமடையலாம். மின்கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடிகள் அழுத்திப் பிடித்து, எஞ்சியிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். பிறகு பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ரேம் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறதா?

முழுமையாக உட்காராத ரேம்தான் எல்லாக் காரணங்களிலும் முதன்மையானது. பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் ஒரு முனை அரை மில்லிமீட்டர் மேலே நின்றால் போதும், கணினி இயங்காது. ரேமின் கீழ்விளிம்பில் உள்ள பள்ளம் ஸ்லாட்டில் உள்ள மேட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரு முனைகளிலும் கட்டைவிரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட்டின் கொக்கி தானாக எழும்பி ரேமின் பக்கவாட்டு வெட்டில் விழ வேண்டும். விரலால் கொக்கியை மூடுவது ரேம் உட்கார்ந்ததற்கு அடையாளமாகாது. பல மதர்போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். கொக்கி இல்லாத பக்கம்தான் பெரும்பாலும் சரியாக இறங்காமல் நின்றுவிடுகிறது என்பதால் அந்த முனையைத் தனியாக இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள். மதர்போர்டு சற்றே வளையும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படுவது இயல்பு. ஆனால் பள்ளமும் மேடும் பொருந்தாத நிலையில் மட்டும் பலத்தைப் பயன்படுத்தாதீர்கள். திருப்பிச் செருகிய ரேமுக்கு மின்சாரம் கொடுத்தால் அது எரிந்துபோகும்.

பழைய கணினிகளில், குறிப்பாக வெகுநாள் காலியாக இருந்த ஸ்லாட்டில், தூசி படிந்திருக்கும். மென்மையான தூரிகையாலோ காற்றடிக்கும் கருவியாலோ அதை நீக்குங்கள். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் உள்ளே போகும். ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் கைரேகையின் எண்ணெய்ப்பசையோ கருமையோ இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைக்கலாம். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கணினிக் கடைகளில் எங்கும் காணும் வழக்கம். அது பலன் தரக்கூடியதுதான் என்றாலும், மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழாதபடி நன்றாகத் துடைத்துவிட வேண்டும். உப்புத்தாளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. தொடுமுனைகளின் மேலுள்ள தங்கப்பூச்சு மிக மெல்லியது.

எந்த ஸ்லாட்டில் பொருத்துவது?

நான்கு ஸ்லாட் கொண்ட மதர்போர்டில் இரண்டு ரேம்களை மட்டும் பொருத்தும்போது, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளே பெரும்பாலும் உரியவை. பலகையில் இவை ஏ2, பி2 என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றே ஒன்று என்றால் ஏ2. இதற்கு ஒரு மின்னியல் காரணம் உண்டு. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் பிராசஸரிலிருந்து வரும் கம்பித்தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதில் முடிகிறது. ரேமை முதல் ஸ்லாட்டில் வைத்துவிட்டு இரண்டாவதைக் காலியாக விட்டால், தடத்தின் வெறும் முனையில் பட்டுச் சமிக்ஞை திரும்பி வந்து, உண்மையான சமிக்ஞையைக் குலைக்கிறது. குறைந்த வேகத்தில் இது தெரியாமல் போகலாம்; வேகம் கூடும்போது கணினி இயங்காமலே போகும். உங்கள் மதர்போர்டின் கையேடு வேறு விதமாகச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

புதிய ரேம் இரண்டு வாங்கியிருந்தால் ஒன்றை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் வைத்து இயக்குங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றொன்றை அதே இடத்தில் வையுங்கள். ஒன்றில் ஓடி மற்றொன்றில் ஓடாவிட்டால் கெட்டது எது என்பது தெரிந்துவிட்டது. இரண்டும் தனித்தனியே ஓடி, சேர்ந்து மட்டும் ஓடாவிட்டால் நல்ல ரேம் ஒன்றை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் எந்த ரேமும் ஓடவில்லை என்றால் கோளாறு அந்த ஸ்லாட்டிலோ, பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த ஒரு பின்னிலோ இருக்கலாம். பிராசஸரின் கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் ஒரு சேனல் (பிராசஸரிலிருந்து ரேம் ஸ்லாட்டுகளுக்குச் செல்லும் இரு தடங்களில் ஒன்று) முழுவதும் காணாமல் போவதுண்டு. ரேம் மாற்ற வசதியாகக் கூலரைக் கழற்றி மாட்டியவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

பயாஸ் அமைப்புகளை அழித்துத் தொடங்குதல்

பழைய ரேமுக்காக அமைத்த வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பயாஸ் நினைவில் வைத்திருக்கும். இன்டெலின் எக்ஸ்எம்பி அல்லது ஏஎம்டியின் எக்ஸ்போ வேக அமைப்பு முன்பே இயக்கப்பட்டிருந்தால், புதிய ரேமையும் அதே வேகத்தில் ஓட்ட முயன்று தோற்கலாம். சில மதர்போர்டுகள் சில முறை தோற்றபின் தாமாகவே அடிப்படை வேகத்துக்குத் திரும்பிவிடும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை. ஆகையால் பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் சிமாஸ் நினைவகத்தை அழிப்பது அவசியமான ஒரு படி.

இதைச் செய்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் வட்டுப் பூட்டு இயக்கத்தில் இருந்தால், பயாஸ் அமைப்புகள் மாறியபின் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். நீங்கள் இயக்காமலே பல மடிக்கணினிகளில் அது இயங்கிக்கொண்டிருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தத் திறவுகோல் இருக்கிறதா என்று கைப்பேசியிலாவது பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வட்டில் உள்ள கோப்புகளை மீட்க முடியாது.

மின்கம்பியை எடுத்தபின், மதர்போர்டில் நாணயம் போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்துத் திரும்ப வைக்கலாம். அல்லது கையேட்டில் சிமாஸ் அழிப்புக்கென்று காட்டப்பட்டிருக்கும் இரண்டு பின்களை ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையால் சில நொடிகள் இணைத்துப் பிடிக்கலாம். அதன்பின் ஒரே ஒரு ரேமுடன் இயக்குங்கள். கணினி ஓடினால் தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, மற்ற ரேமைச் சேர்த்து, எல்லாம் நிலையாக இருப்பதைக் கண்டபின்பே எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ மீண்டும் இயக்க வேண்டும். அந்த அமைப்பை இயக்கிய உடனே மறுபடி திரை இருண்டால் பெரும்பாலும் ரேம் கெட்டதல்ல. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தை உங்கள் பிராசஸரோ மதர்போர்டோ எட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு படி குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பொருந்தாத ரேம்

பெயரும் கொள்ளளவும் பார்த்து வாங்கும்போது தவறிப்போகும் செய்திகள் பல உண்டு. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாதபடி பள்ளத்தின் இடம் மாற்றப்பட்டிருக்கிறது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்களே இருந்தாலும் பள்ளம் வேறிடத்தில் இருக்கும். ஆகவே தலைமுறை மாறிப்போனால் பொருத்தும்போதே தெரிந்துவிடும். நுழைந்தும் வேலை செய்யாத வகைகளே சிக்கல்.

முதலாவது, சர்வர் ரேம். ரெஜிஸ்டர்டு எனப்படும் டிடிஆர்3, டிடிஆர்4 ரேம்கள் சாதாரண மதர்போர்டின் ஸ்லாட்டில் அழகாக நுழையும். ஆனால் வீட்டுக் கணினிகள் அவற்றை ஏற்பதில்லை. பழைய சர்வர்களிலிருந்து எடுத்த ரேம்கள் மலிவாக விற்கப்படுவதால், 16 ஜிபி இவ்வளவு குறைந்த விலையா என்று வாங்கிவிடுபவர்கள் உண்டு. ஸ்டிக்கரில் பிசி3 அல்லது பிசி4 என்று தொடங்கும் குறியீட்டில், வேக எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் ஆங்கில ஆர் இருந்தால் அது பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை. சாதாரண கணினிக்குரியதில் யூ எழுத்து இருக்கும்.

இரண்டாவது, ஏஎம்டி மதர்போர்டுகளில் மட்டும் ஓடும் டிடிஆர்2, டிடிஆர்3 ரேம்கள். இணையக் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் இவற்றின் விளக்கத்தில் ஏஎம்டிக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சிப்புகளின் அமைப்பு வேறு என்பதால் இன்டெல் கணினி அவற்றைக் கண்டதும் நின்றுவிடும். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயன் இல்லை. திருப்பிக் கொடுப்பதே வழி.

மூன்றாவது, சிப்பின் அடர்த்தி. இன்டெலின் ஜி41 சிப்செட் கொண்ட டிடிஆர்3 மதர்போர்டுகள் இன்னும் பல வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் 4 ஜிபி ரேம் பொருத்த வேண்டுமானால் இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். எட்டே சிப்புகளில் 4 ஜிபி அடக்கியதை அவை ஏற்பதில்லை. இதே போல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் உச்சம். புதிய கணினிகளிலும் இதன் மறுவடிவம் உண்டு: 24 ஜிபி, 48 ஜிபி அளவுள்ள டிடிஆர்5 ரேம்கள் சந்தைக்கு வருவதற்கு முன் தயாரான மதர்போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்தால்தான் அவை ஓடும். பழைய ரேமைப் பொருத்தி, கணினியை இயக்கி, பயாஸைப் புதுப்பித்து, அதன்பின் புதியதைப் பொருத்துங்கள்.

நான்காவது, கலப்பு. பழைய ரேம் ஒன்றையும் புதிய ரேம் ஒன்றையும் சேர்த்துப் போடுவது பல நேரங்களில் நடக்கிறது. ஆனால் நடந்தே ஆக வேண்டும் என்று எந்த நிறுவனமும் உறுதி தருவதில்லை. தனித்தனியே ஓடும் இரண்டும் சேர்ந்து ஓட மறுத்தால் எக்ஸ்எம்பியை நிறுத்தி, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும்போது கட்டுப்பாட்டகத்தின் சுமை மிகவும் கூடும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ரேம்களுடன் 5200 என்று உறுதியளிக்கப்பட்ட வேகம், நான்கு ரேம்களுடன் 3600 ஆகக் குறைகிறது. எனவே டிடிஆர்5 கணினியில் நான்கு ரேம் போடுவதைவிடப் பெரிய அளவில் இரண்டு போடுவதே நல்லது என்பேன்.

கணினி தரும் சமிக்ஞைகள்

மதர்போர்டில் பிராசஸர், ரேம், திரை அட்டை, வட்டு ஆகியவற்றுக்கான நான்கு சிறு விளக்குகள் இருந்தால், அணையாமல் எரிந்து நிற்கும் விளக்கின் அருகில் உள்ள பெயரைப் பாருங்கள். டிரேம் (DRAM) என்று இருந்தால் இதுவரை சொன்னவற்றிலேயே தொடருங்கள். இரண்டு இலக்கக் காட்சி உள்ள பலகைகள் பலவற்றில் 55 என்பது ரேம் காணப்படவில்லை என்பதைக் குறிக்கும். பல டெல் மடிக்கணினிகளில் விளக்கு இரண்டு முறை மஞ்சளாகவும் மூன்று முறை வெண்மையாகவும் மின்னினால் அதற்கும் அதே பொருள். விளக்குகள் இல்லாத மதர்போர்டில் ஒரு சிறிய பீப் ஸ்பீக்கர் வாங்கி மாட்டுங்கள். அதன் விலை மிகக் குறைவு. எல்லா ரேமையும் எடுத்துவிட்டு இயக்கும்போது ஸ்பீக்கர் ஒலித்தால் பிராசஸரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்பது உறுதி. ஒலியே இல்லை என்றால் பிராசஸரின் 8 பின் மின்இணைப்பைப் பாருங்கள். பெட்டிக்குள் கை போனபோது அசைந்திருக்கக்கூடிய கிராஃபிக்ஸ் அட்டையையும் மானிட்டர் கேபிளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

மடிக்கணினியானால்

பின்மூடியைத் திறந்ததும் ரேமைத் தொடாமல் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். ரேமைச் சுமார் 30 பாகைச் சாய்வில் முழுமையாக உள்ளே தள்ளி, பொன்னிறக் கோடு கிட்டத்தட்ட மறைந்தபின்பே கீழ்நோக்கி அமுக்க வேண்டும். பாதி நுழைந்த நிலையிலும் கொக்கிகள் சில நேரம் பூட்டிக்கொள்ளும். டிடிஆர்3 காலத்து மடிக்கணினிகளில் மின்னழுத்தம் முக்கியம்: நான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர் முதல் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகைதான் தேவை, 1.5 வோல்ட் ரேம் அதே ஸ்லாட்டில் நுழைந்தாலும் கணினி இயங்காது. பலகையிலேயே பற்றவைத்த ரேமும் ஒரு ஸ்லாட்டும் இருக்கும் மாடல்களில் ஸ்லாட்டைக் காலியாக விட்டு இயக்குவதே உங்களுக்குள்ள சோதனை.

சின்னம் வந்தும் விண்டோஸ் வராவிட்டால்

சிமாஸை அழித்தபின் இது நேர்ந்தால், வட்டின் இயக்க முறையோ தொடக்க வகையோ மாறியிருக்கும். பயாஸில் ஏஹெச்சிஐ, ரெய்டு (வட்டை இயக்கும் இரு முறைகள்) ஆகியவற்றுள் முன்பிருந்ததையும், யுஇஎஃப்ஐ (புதிய தொடக்க வகை) அல்லது லெகசி (பழைய தொடக்க வகை) இவற்றுள் முன்பிருந்ததையும் மீண்டும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியும் தொல்லை தரலாம், ஏனெனில் அணைக்கும்போது அது கணினியின் நிலையில் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவிடுகிறது. ரேம் மாற்றுவதற்கு முன் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் செய்தால் கணினி முழுமையாக அணையும்.

விண்டோஸ் வந்து நீலத்திரை காட்டினாலும், செயலிகள் காரணமின்றி மூடிக்கொண்டாலும், மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, நான்கு சுற்றாவது ஓடவிடுங்கள். பெரிய ரேமாக இருந்தால் இதற்கு ஓர் இரவு முழுவதும் ஆகும். பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் அதைப் பொறுத்துக்கொள்ளக்கூடாது, ஏனெனில் ரேமின் பிழை உங்கள் கோப்புகளுக்குள் எழுதப்பட்டுவிடும். எக்ஸ்எம்பியை நிறுத்தி மீண்டும் சோதியுங்கள். அடிப்படை வேகத்திலும், ஒற்றை ரேமாக, வேறு ஸ்லாட்டில் வைத்தும் பிழை தொடர்ந்தால் ரேம் பழுதுதான். பல நிறுவனங்கள் ரேமுக்கு நீண்டகால உத்தரவாதம் தருவதால், ரசீதையும் சோதனைத் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குச் செல்லுங்கள். இரண்டு ரேம்களை ஒரே உறையில் வாங்கியிருந்தால் பழுதானதை மட்டும் கொடுக்காமல் இரண்டையும் சேர்த்தே மாற்றித் தரச் சொல்லுங்கள்.